புறப்படும் நாளும் வரிக் கணக்கும்

ஹைதராபாத்திலிருந்து வெளிநாட்டுப் பணிக்குச் செல்லும் வாடிக்கையாளர் பலர், 182 நாட்கள் கழிந்த பின்னரே தாம் வெளிநாடுவாழ் இந்தியர் ஆவதாகக் கருதுகின்றனர். உண்மையில், இந்நிலையை இரு சட்டங்கள் இருவேறு வகையில் வரையறுக்கின்றன.

ஒருவர் டிசம்பர் 10ஆம் நாள் ஷம்சாபாத்தில் விமானம் ஏறி, அமெரிக்காவில் பணியேற்கிறார் எனக் கொள்வோம். 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி, புறப்பட்டது முதலே அவர் வெளிநாடுவாழ்பவர். எனவே அவரது சேமிப்புக் கணக்கு என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றப்பட வேண்டும்.

வருமான வரிச் சட்டமோ நாட்களை எண்ணுகிறது. ஏப்ரல் 1 முதல் அவர் இங்கு இருந்தவை 254 நாட்கள். ஆகவே அந்நிதியாண்டுக்கு அவர் இந்தியவாசியே. மார்ச் வரையிலான அமெரிக்க ஊதியத்தையும் இங்குக் காட்ட வேண்டும். அங்குச் செலுத்திய வரிக்குக் கழிவு கோரலாம். செப்டம்பர் 20க்குள் புறப்பட்டு, அந்நிதியாண்டில் திரும்பி வாராதிருந்தால் இச்சுமை இல்லை.

வாடகை போன்ற இந்திய வருவாய் என்.ஆர்.ஓ. கணக்கில் சேரும். அதன் வட்டியில் 30 விழுக்காடும் கூடுதல் தீர்வையும் பிடிக்கப்படும். வரி நோக்கிலும் வெளிநாடுவாழ்பவரான பின், அமெரிக்க வரி வசிப்பிடச் சான்றிதழ் முதலியன அளித்தால் 15 விழுக்காடாகக் குறையும். அயல்நாட்டு ஊதியத்தை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கே உகந்தது, அதன் வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை, அமெரிக்காவில் உண்டு.

ஆதலின், பயண நாளைக் குறிக்கும் முன்பே கடவுச்சீட்டு, விசா, பான் அட்டை ஆகியவற்றுடன் கிளையை அணுகுமாறு வேண்டுகிறோம்.