சாவி தொலைந்த கடிகாரம்: ஒரு சிற்றுறுப்புப் பாடம்

அறிந்த பொருளிலிருந்து அறியாத பொருளுக்கு மாணவரை அழைத்துச் செல்க என்பது, ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நமக்குக் கற்பிக்கப்பட்ட முதல் நெறியாகும். பணி ஓய்வு பெற்று ஆண்டுகள் பல கடந்தும் அந்நெறி நம்மை விட்டு அகலவில்லை. ஆதலின் இப்பாடத்தையும் நம் இல்லங்கள் பலவற்றில் பீரோவுக்குள் உறங்கும் ஒரு பொருளிலிருந்தே தொடங்குகிறோம். அது பெரியோர் விட்டுச் சென்ற சுவிட்சர்லாந்துக் கைக்கடிகாரம்.

நம் கொழுந்தனார் கப்பற் பொறியாளராகப் பணியாற்றியவர். 1978ஆம் ஆண்டு ஊர் திரும்பியபோது, தம் அண்ணனாராகிய நம் கணவருக்கு அத்தகைய கடிகாரம் ஒன்றைக் கொணர்ந்து அளித்தார். நம் கணவர் அதனை முப்பது ஆண்டுகளுக்கு மேல் அணிந்தார். அவர் மறைந்தபின், பேரன் தன் திருமணத்தன்று அதனை அணிய வேண்டும் என்று குடும்பத்தார் கூடி முடிவு செய்தனர். திருமணத்திற்கு மூன்று வாரங்களே இருந்த நிலையில், பேரன் அக்கடிகாரத்துடன் பம்புசெட்டில் நீராடி வந்தான். மாலையில் பார்த்தால் பக்கவாட்டில் இருந்த சிறு குமிழைக் காணோம். வரப்பிலும் வாய்க்காலிலும் தேடியும் அகப்படவில்லை.

"பாட்டி, இதே முத்திரை போட்ட குமிழ் பஜாரில் கிடைக்குமாம். போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது" என்றான் பேரன்.

"நமக்குத் தெரியுமே, தம்பி" என்றோம். ஆயினும் அவன் விருப்பத்தில் பிழையில்லை. தாத்தாவின் கடிகாரத்தை மணமேடையில் அணிய விழைந்தான், அவ்வளவே. ஆகவே கடிந்து கொள்ளாமல், அவனையும் உடன் வைத்துக்கொண்டு அச்சிற்றுறுப்பைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம். படித்தறிந்தவற்றை முறைப்படுத்தி இங்கே தருகிறோம்.

1. பெயரும் வரலாறும்

அந்தக் குமிழைக் கடிகாரம் பழுதுபார்ப்போர் கிரவுன் என்பர். நாமோ கடிகாரத்துக்குச் 'சாவி கொடுக்கிறோம்' என்றுதான் சொல்கிறோம். பூட்டும் இல்லை, திறவுகோலும் இல்லை. பின்னர் சாவி எங்கிருந்து வந்தது? முற்காலத்துப் பைக்கடிகாரங்களைத் தனியான ஒரு சிறு சாவி கொண்டே முறுக்கினர். சாவி தொலைந்தால் கடிகாரம் நின்றுவிடும். அன்றியும், சாவி நுழையும் துளை வழியே தூசியும் ஈரமும் புகுந்தன. பிரெஞ்சு நாட்டவரான அட்ரியன் பிலிப் என்பார், சாவியின்றிக் குமிழைத் திருகியே முறுக்கும் அமைப்பை உருவாக்கி 1844ஆம் ஆண்டு பாரிசுப் பொருட்காட்சியில் வைத்துப் பதக்கம் பெற்றார். பின்னாளில் 'படேக் பிலிப்' என்னும் நிறுவனப் பெயரில் இடம்பெற்றவர் அவரே. சாவி மறைந்தது, சொல் மட்டும் நம் வழக்கில் நிலைத்தது. எனவே நாமும் இக்கட்டுரையில் அக்குமிழைச் சாவி என்றே குறிப்போம்.

சாவி வந்தபின்னும் ஒரு குறை எஞ்சியது. சாவியின் தண்டு உள்ளே செல்லும் வழியில் நீர் புகுந்தது. இதற்கு விடையாக, சாவியை மரையிட்டு இறுக மூடும் அமைப்பைக் கொண்ட 'ஆய்ஸ்டர்' கடிகாரத்தை ரோலெக்ஸ் நிறுவனம் 1926இல் வெளியிட்டது. 1927 அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி, ஆங்கிலக் கால்வாயை இரண்டாம் முறை நீந்த முயன்றபோது அக்கடிகாரத்தை உடன் கொண்டு சென்றார். கடுங்குளிர் காரணமாக அவரால் அம்முறை கரை சேர இயலவில்லை. ஆனால் பத்து மணி நேரத்துக்கு மேல் நீரில் இருந்த கடிகாரம் பழுதின்றி ஓடியது. இச்செய்தியை நிறுவனர் ஹன்ஸ் வில்ஸ்டார்ப் நாளிதழின் முகப்புப் பக்கத்தில் விளம்பரமாக வெளியிட்டார்.

2. சாவி செய்யும் பணி

சாவிக்குப் பணிகள் மூன்று. முதலாவது, உள்ளிருக்கும் வில்லை முறுக்குதல். இரண்டாவது, வெளியே இழுத்த நிலையில் முட்களைத் திருப்பி நேரத்தைத் திருத்துதல். மூன்றாவது, வாயில் காப்போனைப் போல நின்று நீரையும் தூசியையும் தடுத்தல். நீர் காக்கும் கடிகாரங்களில் சாவி தனித்து இயங்குவதில்லை. கடிகாரக் கூட்டின் பக்கவாட்டில் மரையுள்ள சிறு குழாய் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். சாவியின் உட்புற மரை அதன்மேல் திருகி அமரும். இடையில் மெல்லிய ரப்பர் வளையங்கள் இருக்கும். சாவி, குழாய், வளையம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினாலன்றிக் காவல் இல்லை. நீராடும்போது பேரன் அணிந்திருந்த கடிகாரத்தின் சாவி முழுவதும் திருகி மூடப்படாமல் இருந்திருக்கிறது. திறந்து நின்ற சாவி எங்கோ இடிபட்டு, தேய்ந்த மரையிலிருந்து கழன்று விழுந்தது.

3. வேறொன்றைப் போட்டால் என்ன?

நம் ஊர்க் கடைத்தெருவில் நெடுங்காலமாகக் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டு சென்றோம். கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"டீச்சரம்மா, என்னிடம் இருக்கும் சாவியைத் திருகினால் ஏறும். ஆனால் மரை ஒன்றல்ல. நாலு முறை திருகினால் குழாயின் மரையும் போய்விடும். தண்ணீரும் நிற்காது. கம்பெனி ஆட்களிடமே கொண்டு போங்கள்" என்றார். கைக்கூலியாக ஒரு காசும் வாங்க மறுத்தார். தம் வருவாயைவிடப் பொருளின் நன்மையைக் கருதிய அவர் சொல்லே, பேரனுக்கு நம் அறிவுரையினும் நன்கு பதிந்தது.

சாவிகள் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும் விட்டம், மரையின் அளவு, குழாயின் வகை, உலோகம் ஆகியவற்றால் வேறுபடுவன. ஒரே நிறுவனத்திலும் காலத்திற்கேற்ப வகைகள் மாறும். ரோலெக்ஸ் 1953இல் இரட்டைக் காப்புச் சாவியையும், 1970இல் மும்மைக் காப்புச் சாவியையும் அறிமுகம் செய்தது. முத்திரையின்கீழ் உள்ள சிறு கோடும் புள்ளிகளும் அவ்வகையையும் உலோகத்தையும் உணர்த்துவன. போலிச் சாவியில் முத்திரை இருக்கும். அளவின் நுட்பம் இராது.

உண்மையான உறுப்பை எல்லாக் கடைக்காரரும் வாங்கிவிட இயலாது என்பதையும் அறிதல் வேண்டும். உயர்விலைக் கடிகார நிறுவனங்கள் பல, உறுப்புகளைத் தம் அங்கீகாரம் பெற்ற பணியகங்களுக்கு மட்டுமே வழங்குகின்றன. ஒமேகா, லாஞ்சீன்ஸ் முதலிய பெயர்களுக்கு உரிய ஸ்வாட்ச் குழுமம், 2015ஆம் ஆண்டு இறுதியுடன் மொத்த வணிகர்களுக்கு உறுப்புகள் வழங்குவதை நிறுத்தியது. இவ்வழக்கத்தை எதிர்த்துத் தனிப் பழுதுபார்ப்போர் ஐரோப்பாவில் முறையீடு செய்தனர். 2017இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. இதில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. தரத்தைக் காக்கிறோம் என்பர் நிறுவனத்தார். கைத்தொழில் அறிந்த சிறு கடைக்காரரின் பிழைப்பு குறைகிறது என்பர் மறுதரப்பார். நம் ஊர்க்காரரை நினைக்கும்போது, பின்னதற்கே நம் மனம் சாய்கிறது.

4. உடனே செய்ய வேண்டுவன

சாவி விழுந்ததை அறிந்தவுடன் கடிகாரத்தைக் கழற்றிவிடுக. சாவி கிடைத்தால் சிறு உறையிலிட்டு உடன் வைத்திடுக. தேய்ந்ததாயினும் வகையறிய உதவும். தண்டு உள்ளே நிற்கின்றதா, முறிந்ததா என்று பாருங்கள். ஊசியாலோ இடுக்கியாலோ அதனை இழுக்க வேண்டா. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைத்திடுக. அரிசிக்குள் புதைத்தல் கூடாது. அதன் மாவும் தூசியும் திறந்த துளை வழியே உட்செல்லும். வெயிலில் காயவைத்தலும் தகாது. கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்தாற்போல் தோன்றினால் நீர் புகுந்தது உறுதி. எஃகு உறுப்புகளில் துரு விரைந்து பற்றும் ஆதலின், நாள் கடத்தாமல் பணியகம் சேர்க்க வேண்டும்.

5. கேட்க வேண்டிய வினாக்கள்

சென்னையில் உள்ள அங்கீகாரம் பெற்ற பணியகத்துக்குச் செல்லுமுன், வினாக்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டோம். வாசகர்க்கும் அவை பயன்படும்.

முதலாவது: எந்தெந்த உறுப்புகள் மாற்றப்படும், ஒவ்வொன்றின் விலை என்ன என்பதை எழுத்தில் தருவீர்களா? இரண்டாவது: சாவியோடு குழாயும் வளையங்களும் மாற்றப்படுமா? மூன்றாவது: கழற்றிய பழைய உறுப்புகள் திருப்பித் தரப்படுமா? சில நிறுவனங்கள் தருவதில்லை. முன்னரே கேட்டறிதல் நலம். நான்காவது: பணி முடிந்தபின் நீர்புகாமைச் சோதனை செய்யப்படுமா? ஐந்தாவது: எந்நாளில் கிடைக்கும், உத்தரவாதம் எவ்வளவு காலம்?

மதிப்பீடு வந்தது. அத்தொகை நம் ஓய்வூதியத்தில் இரு மாதத் தொகையை விஞ்சியது. சாவி, குழாய், வளையங்கள், முழுமையான துப்புரவு ஆகியவற்றுடன் முகத்தகடும் முட்களும் மாற்ற வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. இங்கேதான் நாம் சற்று நின்று சிந்தித்தோம்.

6. மாற்ற வேண்டியதும் மாற்றக் கூடாததும்

அக்காலத்துக் கடிகாரங்களின் எண்களிலும் முட்களிலும் இருளில் ஒளிரும் பூச்சு உண்டு. 1960களுக்கு முன் ரேடியமும், பின்னர் 1990கள் வரை டிரிட்டியமும் பயன்பட்டன. டிரிட்டியத்தின் அரைவாழ்வு சுமார் 12 ஆண்டுகள். ஆகவே நம் கடிகாரம் ஒளி மங்கி, பூச்சு வெண்ணெய் நிறமாய் முதிர்ந்திருந்தது. ரேடியமோ ஏறத்தாழ 1600 ஆண்டுகள் அரைவாழ்வு உடையது. அத்தகைய பழங்கடிகாரத்தை வீட்டில் திறக்கவோ, பூச்சைச் சுரண்டவோ ஒருபோதும் கூடாது.

மங்கிய முகத்தகடு நேரம் காட்டத் தவறவில்லை. நம் கணவர் நாள்தோறும் பார்த்த முகம் அது. ஆனால் தேய்ந்த குழாயும் இறுகிய ரப்பரும் கடிகாரத்தின் உயிருக்கே கேடு. எனவே காவல் புரியும் உறுப்புகளை மாற்றுங்கள், முகத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டோம். முட்களின் ஒளிக்குப் பொறுப்பேற்க இயலாது என்று எழுதி, அவர்கள் இசைந்தனர். ஏழு வாரம் ஆகும் என்றனர். பேரன் முகம் வாடியது. ஆனால் மறுப்பேதும் சொல்லவில்லை.

7. முடிவு

திருமணத்தன்று பேரன் தன் தந்தையின் எச்.எம்.டி. கடிகாரத்தை அணிந்து மணமேடையில் அமர்ந்தான். "தாத்தா கடிகாரம் எங்கே?" என்று உறவினர் வினவியபோது, "என் கவனக்குறைவால் சாவியைத் தொலைத்துவிட்டேன், பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறோம்" என்று மறைக்காமல் கூறினான்.

ஏழு வாரங்களில் கடிகாரம் திரும்பியது. பணியாளர் ஒரு செய்தி சொன்னார். தண்டின் மீதும் அதனை அடுத்த சிறு நெம்புகோல் ஒன்றின் மீதும் துரு அப்போதுதான் அரும்பியிருந்ததாம். பஜார்ச் சாவியை மாட்டி அணிந்திருந்தால், உட்புகுந்த ஈரம் உள்ளேயே தங்கி, சில மாதங்களில் இயந்திரம் முழுவதையும் அரித்திருக்கும். இதைக் கேட்டுப் பேரன் நம்மை நோக்கினான். நாம் ஒன்றும் சொல்லவில்லை. பாடம் புரிந்தபின் மீண்டும் உரைப்பது நல்லாசிரியர்க்கு அழகன்று.

ஒரு கடமை எஞ்சியது. எந்த ஆண்டில் எவ்வெவ்வுறுப்புகள் மாற்றப்பட்டன, எவை பழையன என்பதை ஓர் அட்டையில் எழுதி, பழைய குழாயுடன் பெட்டியில் வைத்தோம். இனி அக்கடிகாரம் எவர் கைக்குச் சென்றாலும், கொடுப்பவர் மறைக்க வேண்டுவதில்லை. பெறுபவர் ஐயுற வேண்டுவதில்லை.

இல்லத்து இளையோர்க்கான பயிற்சி

அ. கடிகாரத்தின் குமிழுக்குச் சாவி என்னும் பெயர் வந்த காரணம் யாது?

ஆ. நீர் காக்கும் கடிகாரத்தில் சாவியோடு சேர்ந்து இயங்கும் இரு உறுப்புகள் எவை?

இ. ஈரமான கடிகாரத்தை அரிசிக்குள் வைத்தல் ஏன் தகாது?

ஈ. உங்கள் இல்லத்தில் உள்ள பழங்கடிகாரத்தை எடுத்து, சாவி முழுவதும் மூடியுள்ளதா என்று பாருங்கள். அது எவருடையது, எந்த ஆண்டு வந்தது என்று பெரியோரைக் கேட்டு ஓர் அட்டையில் எழுதி வையுங்கள்.