கவுண்ட் இறங்கும் நாட்களுக்கு



தம்பி, ரத்தப் புற்றுநோய் வார்டில் மருத்துவராகச் சேர்ந்திருக்கிறாய். பூஞ்சைத் தடுப்பு மருந்தை எழுதியதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதே. எழுதிய மருந்து ரத்தத்தில் ஏறுகிறதா, கூடவே போகும் கீமோவோடு மோதுகிறதா என்று பார்ப்பதுதான் பெரிய வேலை.

ஏஎம்எல் (அக்யூட் மைலாய்டு லுகேமியா) நோயாளிக்கு முதல் கீமோ முடிந்ததும் நியூட்ரோபில் 500-க்குக் கீழே போய் வாரக்கணக்கில் ஏறாமல் கிடக்கும். நாம் தினமும் சுவாசித்தும் நம்மை ஒன்றும் செய்யாத ஆஸ்பெர்ஜில்லஸ் வித்துகள் அவர் நுரையீரலில் முளைத்துவிடும். ஃப்ளூகோனசோல் அதைத் தொடாது; பெரும்பாலான கேண்டிடாவுக்கு மட்டும்தான் அது. 2007-இல் வந்த பெரிய ஆய்வில், போசகோனசோல் பெற்றவர்களில் 2 சதவீதம் பேருக்கும் ஃப்ளூகோனசோல் அல்லது இட்ராகோனசோல் பெற்றவர்களில் 8 சதவீதம் பேருக்கும் தீவிரப் பூஞ்சைத் தொற்று வந்தது.

ஆனால் போசகோனசோல் திரவம் வெறும் வயிற்றில் சரியாக ஏறாது. கொழுப்புள்ள சாப்பாடு வேண்டும். வாயெல்லாம் புண்ணாக இருப்பவர் எங்கே சாப்பிடுவார்? மாத்திரை அதைவிட மேல். விழுங்க முடியவில்லை என்று யாராவது அதை நசுக்கிக் கொடுத்தால் தடுத்துவிடு.

ஏஎம்எல்-க்கு எழுதியதை அப்படியே ஏஎல்எல் (அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா) நோயாளிக்கும் எழுதிவிடாதே. அவருக்கு வின்கிறிஸ்டின் போகும். கல்லீரல் அதைச் சிதைப்பதை போசகோனசோல், ஃப்ளூகோனசோல் போன்ற அசோல் மருந்துகள் தடுத்துவிடும். தேங்கிய வின்கிறிஸ்டின் நரம்பைத் தாக்கும். குடல் அசைவு நின்று வயிறு உப்பும். அங்கே மைக்காஃபங்கின் ஊசியை யோசி. வாய்ப்புண்ணுக்கு வெளியே யாரோ எழுதிக்கொடுத்த ஃப்ளூகோனசோல் தலையணைக்கடியில் இருக்கும், கேட்டால்தான் சொல்வார்கள். வெனிடோகிளாக்ஸ் எடுப்பவருக்குப் போசகோனசோல் சேர்த்தால் வெனிடோகிளாக்ஸ் அளவை வெகுவாகக் குறைக்க வேண்டும். நிமோசிஸ்டிஸும் பூஞ்சைதான், அதற்கு அசோல் பயன்படாது, கோட்ரைமாக்சசோல்தான்.

காற்றிலுள்ள வித்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்த அறை எல்லா மருத்துவமனையிலும் இல்லை. வார்டுக்குப் பக்கத்தில் சுவர் இடிக்க வந்தால், தூசி பரவாமல் மறைப்புக் கட்டும்வரை வேலையை நிறுத்தச் சொல். பொறியாளர் முறைப்பார், முறைக்கட்டும். பூங்கொத்தும் மண் தொட்டியும் உள்ளே வர வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் சிலருக்குத் தொற்று வரும். ஆன்டிபயாடிக் கொடுத்தும் நான்கைந்து நாளாகக் காய்ச்சல் அடங்கவில்லை என்றால் எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது என்று விட்டுவிடாதே. அன்றைக்கே நெஞ்சுக்குச் சிடி எடுக்கச் சொல்.