தேவனுக்காகப் பொய் பேசலாமா?

வேதபாடம்
தியானப் பகுதி: யோபு 13:1-12, 42:7, தானியேல் 1-ம் அதிகாரம்



சிருஷ்டிப்பைக் குறித்துக் கர்த்தர் தாமே வாய்திறந்து விஸ்தாரமாய்ப் பேசுகிற இடம் ஒன்று வேதத்தில் உண்டு. யோபு 38 முதல் 41 வரை நான்கு அதிகாரங்கள்! கடலும் நட்சத்திரமும், வரையாடும் தீக்குருவியும், லிவியாதானும் அங்கே வரிசையாய் வருகின்றன. பேசி முடித்தபின் கர்த்தருக்குக் கோபம் மூண்டது யார்மேல்? யோபுவை அவர் திருத்தினார், உண்மைதான். ஆனால் கோபம் மூண்டதோ தேவனுடைய வக்கீல்களைப்போல வாதாடின அந்த சிநேகிதர்மேல்! தேவன் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வஞ்சகம் பேசலாமா என்று யோபு அவர்களை 13:7-லேயே கேட்டுவிட்டான்.

இந்த வசனத்தைப் பிரசங்கிக்கும்போதெல்லாம் அமெரிக்க தேசத்தில் நடந்த சில வழக்குகள் என் நினைவுக்கு வரும். பள்ளிக்கூடத்தில் பரிணாமத்தை நடத்தலாமா கூடாதா என்ற வழக்குகள் அவை. அந்த தேசத்துப் புஸ்தகங்களும் வீடியோக்களும் நம்ம சபைகளுக்குள்ளும் வருகிறபடியால், நடந்ததை நாம் சரியாய்த் தெரிந்துகொள்வது நல்லது.

1. தடை, சரிபாதி, மாற்றுப்பெயர்

முதலில் தடை போட்டுப் பார்த்தார்கள். 1925-ல் டென்னசி மாநிலம், அரசாங்கப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் மனுஷன் கீழான மிருகத்திலிருந்து வந்தான் என்று போதிக்கக்கூடாது என்று சட்டம் செய்தது. டேட்டன் என்ற சிற்றூரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற 24 வயது ஆசிரியர்மேல் வழக்கு நடந்து, 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 1927-ல் மேல்நீதிமன்றம், அபராதத் தொகையை ஜூரிகள் அல்லாமல் நீதிபதி தீர்மானித்தார் என்ற குறையைக் காட்டி அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அந்தச் சட்டமோ 1967 வரைக்கும் இருந்தது. அடுத்த ஆண்டு, 1968-ல், அர்கன்சாஸ் மாநிலத்தின் இதேபோன்ற சட்டத்தை அமெரிக்க உச்சநீதிமன்றமே செல்லாது என்றது.

தடை போயிற்று. பிறகு 'சரிபாதி' கேட்டார்கள். பரிணாமத்தை நடத்தினால் 'சிருஷ்டிப்பு விஞ்ஞானத்தையும்' அதே அளவுக்கு நடத்த வேண்டும் என்று 1981-ல் அர்கன்சாஸும் லூயிசியானாவும் சட்டம் செய்தன. அர்கன்சாஸ் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டது யார் தெரியுமா? நாத்திகர் என்று நினைப்பீர்கள். இல்லை! வழக்கில் முதல் பெயரே ஒரு மெதடிஸ்ட் ஊழியருடையது. பல சபைகளின் பிஷப்மாரும் போதகரும் அவரோடு சேர்ந்திருந்தார்கள். மார்க்கத்தைப் போதிப்பது சபையின் வேலை, அரசாங்கத்தின் வேலை அல்ல என்பதே அவர்கள் நிலை. 1982-ல் அந்தச் சட்டமும், 1987-ல் லூயிசியானா சட்டமும் விழுந்தன.

சரிபாதியும் போயிற்று. மூன்றாவதாய் வந்தது மாற்றுப்பெயர். இங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது.

2. டோவரில் வெளிப்பட்டது என்ன?

பென்சில்வேனியாவில் டோவர் என்று ஒரு ஊர். 2004 அக்டோபரில் அதன் பள்ளி நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் போட்டது. அதன்படி பரிணாமத்தில் குறைகள் உண்டு என்றும், 'இன்டெலிஜென்ட் டிசைன்' என்ற வேறு விளக்கம் உண்டு என்றும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு அறிக்கை வாசிக்க வேண்டும். அறிவுள்ள ஒருவர் வடிவமைத்தார் என்பது அந்த விளக்கம். யார் அந்த ஒருவர்? கேட்டால் பெயர் சொல்லமாட்டார்கள்! விஞ்ஞான ஆசிரியர்கள் அந்த அறிக்கையை வாசிக்கமாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். பெற்றோர் 11 பேர் வழக்குப் போட்டார்கள்.

பிள்ளைகளுக்குச் சிபாரிசு செய்யப்பட்ட புஸ்தகத்தின் பழைய கையெழுத்துப் பிரதிகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1987 தீர்ப்புக்கு முன் 'சிருஷ்டிப்பு' என்று இருந்த இடத்திலெல்லாம், தீர்ப்புக்குப்பின் 'டிசைன்' என்று மாறியிருந்தது. அவசரத்தில் மாற்றினபோது ஓரிடத்தில், பழைய வார்த்தையின் முதல் எழுத்து முன்னாலும் கடைசி எழுத்துக்கள் பின்னாலும் ஒட்டிக்கொண்டு நிற்க, நடுவில் புது வார்த்தை மாட்டியிருந்தது. மறைத்தது வெளியே வராமல் போகுமா?

இன்னும் கேளுங்கள். அந்தப் புஸ்தகத்தில் 60 பிரதிகள் பள்ளிக்கு நன்கொடையாய் வந்தன. யார் கொடுத்தது என்று சத்தியப்பிரமாணத்தின்பேரில் கேட்டபோது, குழுவில் முக்கியமானவர்கள் தெரியாததுபோல் பதில் சொன்னார்கள். ஆனால் ஒரு உறுப்பினர் தம்முடைய சபையிலேயே பணம் சேர்த்திருந்தார். 850 டாலர் காசோலை இன்னொரு உறுப்பினரின் தகப்பனார் கைக்குப் போயிருந்தது. ஆராதனை ஸ்தலத்தில் சேர்த்த காசு, சாட்சிக் கூண்டில் ஒளிக்கப்பட்டது! குழுவை விட்டு விலகின ஒரு அம்மாள், மறுபடியும் பிறந்தவளா என்று தன்னை இரண்டு தடவை கேட்டார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆத்துமாவுக்காகப் பாரத்தோடு கேட்க வேண்டிய பரிசுத்தமான கேள்வி, அங்கே ஓட்டுக் கணக்குக்கு வந்துவிட்டது.

2005 டிசம்பர் 20-ல் நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பு கொடுத்தார். அவர் ஜனாதிபதி புஷ் நியமித்தவர். இன்டெலிஜென்ட் டிசைன் விஞ்ஞானம் அல்ல, சிருஷ்டிப்புக் கொள்கையின் மறுவடிவமே என்று எழுதினார். பக்தியைப் பெருமையாய்ச் சொல்லிக்கொண்டவர்களே தடயத்தை மறைக்கப் பொய் சொன்னதையும் வருத்தத்தோடு குறித்தார். பள்ளி நிர்வாகம் வழக்குச் செலவாய் 10 லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது. அதைவிடப் பெரிய நஷ்டம், தேவ நாமம் தூஷிக்கப்பட்டதுதான்.

3. நம்ம மேடையிலும் கவனம் வேண்டும்

'டார்வின் மரணப்படுக்கையில் மனந்திரும்பினார்' என்ற கதையை நம் கன்வென்ஷன் மேடைகளிலும் நான் கேட்டிருக்கிறேன். டார்வின் இறந்தது 1882-ல். லேடி ஹோப் என்ற சீமாட்டி சொன்னதாய் அந்தக் கதை அச்சில் வந்ததோ 1915-ல். கடைசி நேரத்தில் தகப்பனோடு இருந்த மகள் ஹென்ரியேட்டா, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று 1922-ல் எழுதியே மறுத்துவிட்டார். சபை 'அல்லேலூயா' சொல்லுகிறதே என்பதற்காக நிஜமல்லாததைச் சாட்சியாய்ச் சொல்லலாமா? பொய்ச்சாட்சி கூடாது என்ற கட்டளை பிரசங்கிமாருக்கு இல்லையா?

அப்படியே, 'குரங்கு மனுஷனாச்சுன்னு சொல்றாங்க' என்று சிரிக்கிறோம். உயிரியல் படித்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை. இன்றைய குரங்குக்கும் மனுஷனுக்கும் வெகுகாலத்துக்கு முன் பொதுவான மூதாதை இருந்தது என்பதே அவர்கள் சொல்வது. 'வெறும் தியரிதானே' என்றும் சொல்லக்கூடாது. விஞ்ஞானத்தில் தியரி என்றால் ஊகம் அல்ல, பல ஆதாரங்கள் தாங்கி நிற்கிற விளக்கம். மறுக்கிறவன் முதலில் சரியாய்க் கேட்க வேண்டும் (நீதிமொழிகள் 18:13).

4. பிள்ளைகளுக்கு என்ன சொல்வோம்?

'பாஸ்டர், இந்தப் பாடத்தைப் படிச்சுப் பரீட்சை எழுதினா பாவமா?' என்று வாலிபப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. நான் தானியேலைக் காட்டுகிறேன். கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் அவன் ஒழுங்காய்ப் படித்தான். ராஜா சோதித்தபோது மற்றவர்களைவிடப் பத்து மடங்கு தேறினவனாய் நின்றான். ஆனாலும் ஜெபத்தை விடவில்லை, தன்னைத் தீட்டுப்படுத்தவில்லை. நீங்களும் நன்றாய்ப் படியுங்கள். டீச்சரிடம் மரியாதையாய்க் கேள்வி கேளுங்கள். பரீட்சைத்தாளில் பாடத்தில் உள்ளதை எழுதுங்கள்.

தேவனே சிருஷ்டிகர் என்பது என் விசுவாசம். அதை விசுவாசத்தினாலே அறிகிறோம் என்றுதான் எபிரெயர் 11:3 போதிக்கிறது. ஆறு நாட்களை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் விசுவாசிகளுக்குள்ளேயே பல எண்ணங்கள் உண்டு. டேட்டனில் வேதத்துக்காக வாதாடின பிரையன்கூட, அவை 24 மணி நேர நாட்களாய்த்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மனித மரபணுத் திட்டத்தை நடத்தின பிரான்சிஸ் காலின்ஸ் கிறிஸ்துவை விசுவாசிக்கிறவர், பரிணாமத்தையும் ஏற்கிறார். இதைப் பொறுமையாய்ப் பேசலாம், வீட்டில் பேசலாம், சபையில் பேசலாம். பெயரை மறைத்து, பணத்தை மறைத்து, பின்வாசல் வழியாய்ப் பள்ளிக்குள் நுழைய வேண்டிய அவசியம் வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவருக்கு இல்லவே இல்லை!

குடும்ப ஜெபத்தில் சிந்திக்க:

1. ஆதாரம் பார்க்காமல் நாம் பரப்பின 'சாட்சி' ஏதாவது உண்டா?

2. சிருஷ்டிப்பைக் குறித்து நம் பிள்ளைகளுக்கு வீட்டில் எப்போது போதித்தோம்? அதைப் பள்ளிக்கூடம் செய்யட்டும் என்று விட்டுவிட்டோமா?

3. நம்மோடு ஒத்துப்போகாத ஆசிரியருக்காக இந்த வாரம் ஜெபித்தோமா?

உள்ளத்தில் உண்மையை விரும்புகிற கர்த்தர், நம் நாவையும் நம் பிள்ளைகளின் படிப்பையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.