மின்தடையும் மாற்று ஆளியும்



2025 பெப்ரவரி 9 ஆம் திகதி முற்பகலில் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின்நிலையத்திற் குரங்கொன்று நிலைமாற்றியிற் பட்டதே காரணம் எனக் கூறப்பட்டது. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீடுகளும் இதற்கு விலக்கல்ல. கூரையிற் சூரியப் படல் இருந்தும், பகல் வேளையில் மின்விசிறி நிற்பது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண்போம்.

1. இன்வேர்ட்டர் நிற்பதற்கான காரணம்

சூரியப் படல் தருவது நேரோட்டம். இன்வேர்ட்டர் அதனை 230 வோல்ற்று, 50 ஏட்சு ஆடலோட்டமாக மாற்றுகின்றது. பொது மின்வழியுடன் இணைந்து இயங்கும் இன்வேர்ட்டர், அவ்வழியில் மின் இல்லாதபோது தானாகவே நின்றுவிடும். இது பழுதன்று, பாதுகாப்பு ஏற்பாடாகும். வீட்டு மின் வெளியே சென்றால், வீதியிலுள்ள நிலைமாற்றி அதனை 11 000 அல்லது 33 000 வோல்ற்றாக உயர்த்தும். மின் இல்லை என நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியர் உயிரிழக்க நேரிடும்.

2. மாற்று ஆளியின் பணி

மின்தடையின்போது ஒளி வேண்டுமாயின், மின்கலவடுக்குடன் தனித்து இயங்கக்கூடிய இன்வேர்ட்டரும் மாற்று ஆளியும் தேவை. இவ்வாளிக்கு மூன்று நிலைகள் உண்டு.

நிலை 1: பொது மின்வழி
நிலை 0: இரண்டும் துண்டிப்பு
நிலை 2: இன்வேர்ட்டர்

ஒரு வழி துண்டிக்கப்பட்ட பின்னரே மற்றையது இணையும். இரண்டும் ஒருபோதும் ஒன்றுசேரா.

3. இணைப்பில் கவனிக்க வேண்டியவை

(அ) உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி இரண்டையும் ஒருங்கே மாற்றும் இருமுனைவு ஆளியைத் தெரிவு செய்க. புவிக்கம்பியைத் துண்டிக்கலாகாது.
(ஆ) ஆளியின் வெளியீட்டை அத்தியாவசியச் சுற்றுகளுக்கு மட்டும் வழங்குக. நீர்ப்பம்பி, மின்னழுத்தி என்பவற்றைச் சேர்க்க வேண்டாம்.
(இ) மின்னேற்றும் வழியை ஆளிக்கு முன்னர், பொது மின்வழியிலிருந்தே எடுக்க வேண்டும். பின்னர் எடுத்தால், இன்வேர்ட்டர் தன் மின்னைக் கொண்டே தன் மின்கலவடுக்கை ஏற்ற முயன்று சக்தியை வீணாக்கும்.
(ஈ) துறைமுகப் பகுதியில் உப்புக் காற்று முடிவிடங்களை அரிக்கும். மூடிய பெட்டியைப் பயன்படுத்தி, இடையிடையே சோதிப்பிக்க வேண்டும்.

4. மாதிரி வினா

9 வாற்று மின்குமிழ்கள் 5, 60 வாற்று மின்விசிறிகள் 2, 15 வாற்று ரவுட்டர் 1 ஆகியவை, 12 வோல்ற்று 100 அம்பியர்மணி மின்கலவடுக்கினால் எவ்வளவு நேரம் இயங்கும்? (மின்கலவடுக்கின் அரைவாசியே பயன்படுகின்றது, இன்வேர்ட்டரின் திறன் 90%.)

விடை:
மொத்த வலு = 45 + 120 + 15 = 180 வாற்று
சேமித்த சக்தி = 12 × 100 = 1200 வாற்றுமணி
பயன்படும் சக்தி = 1200 × 0.5 × 0.9 = 540 வாற்றுமணி
நேரம் = 540 ÷ 180 = 3 மணித்தியாலம்

நினைவிற் கொள்க: இரு முனையிலும் செருகி பூட்டிய கம்பியால் இன்வேர்ட்டரைச் சுவர்க் குதையுடன் ஒருபோதும் இணைக்காதீர்கள். கற்பது பரீட்சைக்காக, வீட்டில் இணைப்பது அனுமதி பெற்ற மின்னியலாளரின் வேலை.