ஏரிக்கரையில் எங்கே தோண்டுவது?

கேள்வி: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வேலை பார்க்கிறேன். ஆசைப்பட்டு ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன். நான்கு சனிக்கிழமைகள் மிச்சிகன் ஏரிக்கரையில் அலைந்தும் பாட்டில் மூடிகளும் இரண்டு கால் டாலர் காசுகளும்தான் கிடைத்தன. நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஊருக்கு வரும்போது மெரினாவில் பயன்படுத்தலாமா?

பதில்: பாட்டில் மூடி கிடைத்ததா? அப்படியானால் ஆட்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குத்தான் போயிருக்கிறீர்கள். பாதி வேலை முடிந்தது. தண்ணீர் என்ன செய்கிறது என்று கவனிப்பதுதான் மீதி.

ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கருவியை வீட்டில் வைத்துவிட்டுக் கரைக்குப் போய் உட்காருங்கள். துண்டு விரித்துப் படுக்கிற வரிசை எது, வாலிபால் வலை எங்கே கட்டுகிறார்கள், மரநிழல் எங்கே விழுகிறது, நடைபாதை எங்கே மணலில் முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பையிலிருந்து காசு சரிவது அங்கெல்லாம்தான். மோதிரம் தொலைவது பெரும்பாலும் தண்ணீருக்குள். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கும், வெயிலுக்குப் பூசிய கிரீம் வழுக்கும். பிள்ளையைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிற அப்பாவின் கையிலிருந்து அது நழுவுவது இடுப்பளவு ஆழத்தில். கருவியின் தேடுவட்டோடு (காயில்) கட்டுப்பாட்டுப் பெட்டியும் நீர் புகாததுதானா என்று பார்த்துவிட்டு அங்கே இறங்குங்கள்.

தூய தங்கம் மணலைவிட ஏழு மடங்கு அடர்த்தியானது. அலை கிளறக் கிளற அது கீழே இறங்கி, களியிலோ கூழாங்கல் படுகையிலோ போய்த் தங்கும். பெரும்புயல் மேல்மணலை வாரிக்கொண்டு போன மறுநாள் போய்ப் பாருங்கள். கரையில் படிபோல வெட்டு விழுந்து கூழாங்கல் தெரிந்தால் அங்கே நில்லுங்கள். தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகள் கிடைத்தால் நகரவே நகராதீர்கள். ஈயம் ஒதுங்கிய இடத்தில் தங்கமும் ஒதுங்கும்.

இந்த ஏரியில் கண்ணுக்குத் தெரிகிற ஏற்றவற்றம் கிடையாது. நீர்மட்டம் ஆண்டுக்கணக்கில் மாறும். 2013 ஜனவரியில் பதிவுகளிலேயே மிகக் கீழே இறங்கியது, 2020 கோடைக்குள் ஏறத்தாழ ஆறடி ஏறிவிட்டது. அன்று கரையாக இருந்த மணல் பின்னர் தண்ணீருக்குள் போனது. ஆகவே, பழைய அஞ்சலட்டைப் படங்களையும் வான்வழிப் படங்களையும் வைத்து, ஒரு காலத்தில் குளிக்குமிடம் எங்கே இருந்தது என்று பாருங்கள். அணை கட்டிய உள்நாட்டு ஏரிகள் பலவற்றில் இலையுதிர்காலத்தில் நீரை இறக்குவார்கள். கோடையில் நீந்திய இடத்தில் அப்போது நடந்தே தேடலாம்.

ஒன்றை மறக்காதீர்கள்: மெல்லிய தங்க மோதிரமும் குளிர்பானக் கேனின் இழுப்பு வளையமும் கருவிக்கு ஏறக்குறைய ஒரே குரலில்தான் கேட்கும். குப்பையை ஒதுக்கும்படி கருவியை அமைத்தால் மோதிரத்தையும் சேர்த்தே ஒதுக்குவீர்கள். பொறுமையாகத் தோண்டுங்கள், குழியை மூடுங்கள்.

போகக்கூடாத இடங்களும் உண்டு. ஸ்லீப்பிங் பேர் டியூன்ஸ் போன்ற தேசியப் பூங்கா நிலங்களில் மெட்டல் டிடெக்டருக்குத் தடை. மாநிலப் பூங்காக்களில் அதற்கென ஒதுக்கிய பகுதிகளில் மட்டுமே தேடலாம். கிடைத்ததைப் பூங்கா ஊழியரிடம் காட்ட வேண்டும். நகராட்சிக்குச் சொந்தமான கரை என்றால் நகராட்சியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர் பொறித்த மோதிரம் கிடைத்தால், அதைத் தேடி அழுதுகொண்டிருக்கும் ஆள் ஒருவர் இருப்பார்.

மெரினா விஷயத்துக்கு வருகிறேன். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், ஒரே அலைவரிசையில் வேலை செய்யும் கருவி ஈர மணலில் காரணமில்லாமல் கத்தும். பல அலைவரிசைக் கருவியோ பல்ஸ் வகையோ வேண்டும். அதைவிட முக்கியம் சட்டம். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்த புதையலின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். நேற்றுத் தொலைந்த மோதிரமென்றால் காவல் நிலையம். பத்து ரூபாய்க்கு இன்று மோதிரப் பெட்டிகூடக் கிடைக்காது; ஆனாலும் சட்டம் அதுதான்.