பாடசாலைக் கிணறும் வேலிக் குழையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கியாறு எனப்படுவதும் மாரியில் மட்டும் வெள்ளம் செல்லும் ஒரு வாய்க்காலேயாம். குடிப்பதற்கும் குளிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் நாம் நம்பியிருப்பது நிலத்தடி நீரையே. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழை நிலத்தினுள் இறங்கி, சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கி நிற்கின்றது. ஆண்டு மழை ஏறக்குறைய 50 அங்குலம். அதிற் பெரும்பகுதி இம்மூன்று மாதங்களிலேயே பெய்துவிடும். எஞ்சிய மாதங்களில் நாம் இறைப்பது அச்சேமிப்பிலிருந்தேயாகும்.

இந்நன்னீருக்குக் கீழே கடல் நீர் இருக்கின்றது. நன்னீர் இலேசானது, உவர்நீர் பாரமானது. ஆகையால் முன்னையது பின்னையதன்மேல் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓர் அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது அறிஞர் கண்ட கணக்கு. பாறையின் அமைப்பு இடத்துக்கிடம் வேறுபடுவதால் இக்கணக்கு எங்கும் பிசகாது பொருந்தும் என்பதில்லை. எனினும் கருத்து ஒன்றே. மேல்மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழிருந்து உவர் 40 அடி எழுவதற்கு இடமுண்டாகின்றது. இறைப்பு இயந்திரத்தை இரவு பகலாக ஓடவிடுவோர் இதனைச் சிந்திப்பதில்லை.

இதனை வகுப்பறையிலேயே காட்டலாம். ஒரு கண்ணாடிக் குவளையில் அரைப்பங்குக்கு நீர் விட்டு, அதில் ஒரு பிடி உப்பைக் கரைத்து, பீற்றூட் சாறு சிறிது கலந்து சிவப்பாக்குக. பின்னர் ஒரு கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகின்மேல் நல்ல நீரை மிக மெதுவாக ஊற்றுக. நல்ல நீர் மேலே தெளிந்து நிற்கும். இனி ஓர் உறிஞ்சுகுழாயின் நுனியைச் சிவப்பு நீருக்குச் சற்று மேலே வைத்து ஆறுதலாக உறிஞ்சினால் தெளிந்த நீர் வரும். பலமாக உறிஞ்சினால் சிவப்பு நீர் கூம்புபோல் எழுந்து குழாயினுள் புகும். வாயில் உப்புப் பட்டவுடன் மாணவர் முகம் சுளிப்பர். அதன்பின் நாம் விரித்துரைக்க வேண்டியது அதிகமில்லை.

உவர் ஒரு பகை. மற்றொரு பகை கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாதது. எமது செம்மண் பாறையின்மேல் மெல்லியதாகப் படிந்தது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அளவுக்கு மிஞ்சி யூரியா இட்டு, உடனே நிறைய நீர் பாய்ச்சினால், பயிர் உண்டது போக எஞ்சியது நைதரேற்றாக மாறிக் கிணற்றை அடைகின்றது. மலசலகூடக் குழிகளிலிருந்தும் அது வருகின்றது. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைதரேற்று இருத்தலாகாது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. அதற்கு மிஞ்சிய நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்படும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கக்கூடும். நீரைக் கொதிக்க வைத்தால் இக்குற்றம் நீங்கும் எனத் தாய்மார் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. கிருமிகள் இறக்கும், நைதரேற்றோ நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். ஆதலால் குழந்தையுள்ள வீட்டார் தம் கிணற்று நீரைச் சோதிப்பித்தறிதல் நன்று.

இனிப் பாடசாலை செய்யக்கூடியது யாதெனப் பார்ப்போம். நான் செல்லும் பாடசாலைகளிற் பலவற்றில் நாள்தோறும் ஒரே காட்சியைக் காண்கின்றேன். காலையில் மாணவர் வளவைக் கூட்டி, வேம்பு, மா, பூவரசு ஆகியவற்றின் சருகைக் குவித்து நெருப்பிடுகின்றனர். மணி அடிக்கும்போது வளவெங்கும் புகை. அதே பாடசாலையில் மாலையில் விவசாய பாடத்துக்கென யூரியா வாங்கிவரப் பணம் சேர்க்கின்றனர்! நிழலான ஒரு மூலையில் 4 அடி நீள அகலமும் 3 அடி ஆழமும் உள்ள குழி ஒன்று வெட்டி, சருகு ஓரடுக்கு, பச்சைக் குழை ஓரடுக்கு, சாணக்கரைசல் தெளிப்பு என மாறி மாறி நிரப்பி, ஈரம் காயாது காத்து, மாதமொருமுறை புரட்டிவந்தால் மூன்று நான்கு மாதத்திற் கூட்டெரு ஆயத்தமாகும். பொலித்தீன் அதனுட் புகாதபடி பார்த்தலே கடினமான வேலை.

பச்சைக் குழைக்கு வேலியை நாடுக. குழை தாழ்த்தல் எம் முன்னோர் கைக்கொண்ட முறை. பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் வேலியாய் நின்று ஆட்டுக்கும் தோட்டத்துக்கும் குழை தந்தன. இன்று அவ்வேலிகள் மதிலாகவும் தகரமாகவும் மாறிவிட்டன. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. அவ்விடைக்காலத்திற் குழை தேடி அலைந்த கமக்காரருக்கு மதில் என்ன கொடுத்தது?

புதிதாக நடுவதற்குச் சீமைக்கிளுவை மிக உகந்தது. ஐந்தடி நீளமும் கைப்பெருவிரலுக்கு மேற்பட்ட பருமனும் உள்ள முற்றிய தடிகளைத் தெரிந்து, அடிப்புறத்தைச் சரிவாக வெட்டி, ஓரடி ஆழத்தில் இரண்டடிக்கு ஒன்றாக நாட்டுக. காலம் ஐப்பசி முதல் மழை. பயிற்சி முடித்து வந்த முதலாண்டில் நான் இதனை அலட்சியம் செய்து, பாடசாலை விழா ஒன்றுக்காகத் தை மாதக் கடைசியில் 60 தடிகளை நாட்டுவித்தேன். வைகாசியில் ஆறு தடிகளே உயிரோடிருந்தன. நட்ட பிள்ளைகள் என்னைக் கண்டபோது ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மறு ஐப்பசியில் அதே வேலியில் நட்டவை பெரும்பாலும் பிழைத்தன.

ஓராண்டின் பின் குழை வெட்டலாம். நூறு கிலோ பச்சைக் குழையில் ஏறக்குறைய முக்காற் கிலோ நைதரசன் உண்டு. அஃது ஒன்றரைக் கிலோ யூரியாவில் உள்ளதற்குச் சற்று மேற்பட்டது. 200 அடி வேலியில் 100 மரம் நின்று, மரமொன்று முறைக்கு இரண்டு கிலோவாக ஆண்டில் மூன்று முறை தந்தால், 600 கிலோ குழை, அதாவது பத்துக் கிலோ யூரியாவின் நைதரசன் கிடைக்கும். பாடசாலைத் தோட்டத்துக்கு இது போதும். பெருந்தோட்டம் செய்வோருக்கு இது மட்டும் போதுமென்று கூறேன். அவர்கள் யூரியாவைக் குறைத்து, பலமுறையாகப் பிரித்து இடுதல் வேண்டும். குழையிலிருந்தும் நைதரேற்று உண்டாகுமெனினும் அது படிப்படியாக வெளிவருவதாலும், மண் ஈரம் பிடிக்கும் தன்மை பெற்று இறைப்புக் குறைவதாலும், கிணற்றுக்குச் செல்லும் பங்கு குறைகின்றது. நடுகைக்கு இரு கிழமைக்கு முன் குழையைத் தாழ்த்துக. விதையும் பட்டையும் நஞ்சுடையன. சிறுவர் வாயில் வைக்கவிடற்க.

ஊர்க் குளத்தைத் தூரகற்றும் வேலை பாடசாலையால் மட்டும் ஆவதன்று. ஆவணியிற் குளம் வற்றியிருக்கும்போது கமக்காரர் அமைப்பும் பெற்றோரும் கூடி, கமநல சேவை நிலையத்தின் அனுமதியுடன் செய்தல் முறை. அள்ளிய வண்டலைத் தோட்டத்துக்கு இடலாம். மாணவர் செய்யத்தக்கது, குளத்துக்கு வரும் வெள்ளவாய்க்காலை மழைக்கு முன் நடந்து பார்த்து, அடைபட்ட இடங்களைக் குறித்துக் கொடுத்தலாம்.

இவற்றின் பயனை அறியக் கிணற்றை அளக்க வேண்டும். ஆசிரியர் ஒருவர் முன்னிலையில், மாதத்தின் முதற் பாடசாலை நாளன்று, இறைப்புத் தொடங்குமுன், அடிக்கொரு முடிச்சிட்ட கயிற்றிற் கல்லைக் கட்டி இறக்கி, கட்டின் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள ஆழத்தைக் குறிக்க. கயிறு எப்போதும் ஒரே இடத்தில் இறங்கும்படி விளிம்பில் மைப்புள்ளி இடுக. அன்று பெய்த மழையையும் நீரின் சுவையையும் அதே கொப்பியில் எழுதுக. அக்கொப்பியை மாணவரிடம் கொடுத்துவிடாது அதிபர் அலுமாரியில் வைத்து, வகுப்பு மாறும்போது அடுத்த வகுப்புக்குக் கையளிக்க.