பத்தும் பத்தில் ஒன்றும்

மாணவர்களே, 1/10, 1/100, 1/1000 என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று எண்களிலேயே விடை ஏறக்குறையக் கிடைத்துவிடும். இனி 10, 100, 1000 என்று கூட்டுங்கள். முடிவே இல்லை!

இழைக் கொள்கையினருக்கு நேர்ந்த இடர்ப்பாடும் இதுவே. அடிப்படைத் துகள்கள் யாவும் மிக நுண்ணிய இழைகளின் அதிர்வுகள் என்பது அக்கொள்கை. இழைகளின் பிணைப்பு வலிமை சிறிதாயின் கணக்கிடலாம். பெரிதாயின் கணக்கு கைகொடுக்காது.

கல்கத்தாவில் 1956-இல் பிறந்த அசோக் சென், கான்பூரில் பயின்று, அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்று, 1988-இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். வலிமை 10 உள்ள கொள்கை, வலிமை 1/10 உள்ளதன் மறுவடிவமே என்ற ஊகம் முன்பே உண்டு, நம்பியோர் சிலரே. அது மெய்யானால், இரு காந்தத் தனிமுனைகள் பிணைந்த ஒரு நிலை இருந்தாக வேண்டும். 1994-இல் சென் அதைக் கணக்கிட்டுக் காட்டினார். கருவி? தாளும் பென்சிலும்தான், கண்டாச்சிபுரத்துக் கடையிலும் கிடைப்பவை. ஐயுற்றவர்களும் அதன்பின் இவ்வழியில் இறங்கினர்.

2012-இல், அலகாபாத்தில் பணியாற்றியபோது, அவருக்கு 30 லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. இழையை மட்டும் எந்தச் சோதனையும் இன்னும் காட்டவில்லை.